முப்பது அங்குலம்

முடியாது. இரண்டும் முடியாது. கால்களை வெட்டிக் குறைக்கவும் முடியாது, சட்டத்தைப் பிரித்து லாரியில் ஏற்றவும் முடியாது. நேற்று ஆசாரியை வரவழைத்துக் காட்டினேன். அவர் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உன் கடிதம். இரண்டு பக்கம், மலையாளத்தில். எனக்கு மலையாளம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும். கீழே கோடவுனில் சுக்கு பொறுக்கும் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கோயம்புத்தூரில் வீடு கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேசை வேண்டும். இந்த மாதிரி மரம் அங்கே கிடைக்காது. ஆகவே அப்பாவின் அந்தப் பழைய தப்பைத் திருத்தி, காலை ஐந்தரை இஞ்சு குறைத்து, பிரித்து அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரி, அம்மைக்கும் வராம். கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து அந்தப் பெண் அதை மட்டும் இரண்டு முறை படித்தாள். அம்மாவும் வரலாம். நான் தமிழ் இலக்கியம் படித்தவள். அந்த 'உம்' எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அதற்காக இதை எழுதவில்லை. 'அப்பாவின் அந்தப் பழைய தப்பு' என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக எழுதுகிறேன். தமிழில்தான் எழுத முடியும். நீ எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படிப்பாய். பிறகு அலுத்துப்போய் உன் மனைவியிடம் நீட்டுவாய். அவள் அந்த ஊரில் தமிழில் படித்த பெண், சத்தமாகவே படிப்பாள். ஆகவே நான் சொல்லப்போவதை நீ அவள் குரலில்தான் கேட்கப்போகிறாய். கல்யாணத்தில் நானும் அவளும் பேசியது பத்து வார்த்தை இருக்கும். படிக்கிற பெண்ணே, நடுவில் அவன் போதும் என்பான். அப்போதும் படி.

மேசை வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பாவுக்குச் சாக்குகளில் பெயர் அடிக்கும் வேலை. தகரத்தில் வெட்டிய எழுத்தைச் சாக்கின் மேல் வைத்து, கறுப்பு மையைப் பிரஷால் தட்டுவார். கப்பல் போகும் ஊர்களின் பெயர்கள். இரண்டு இஞ்சு எழுத்து, மூன்று இஞ்சு எழுத்து. தகரத்தை அளந்து வெட்டுவதும் அவர்தான். சட்டைப் பையில் பேனா இருக்காது, டேப் இருக்கும். ஒரு நாள் பஜார் ரோட்டில் பழைய கோடவுன் ஒன்றை இடித்தார்கள். அதன் கதவுப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே பலகை, தேக்கு. நம் மாடிப்படி குறுகல், திரும்பும் இடத்தில் ஒரு ஆளே ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். கயிறு கட்டி, நிமிர்த்தி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். வீடு முழுக்க மிளகு நெடி. "இவன் உக்காந்து எழுதட்டும். நான் சாக்கு மேல உக்காந்துதான் எழுதப் படிச்சேன்" என்றார். நீ அப்போது நாலாம் வகுப்பு. பலகை இருந்தது. அதைத் தாங்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொச்சங்காடியிலிருந்து குமாரன் ஆசாரி வந்தார். பலகையைத் தட்டினார், முகர்ந்தார், தன் முழக்கோலை வைத்து நீளமும் அகலமும் எடுத்துக்கொண்டார். சட்டத்துக்கு ஆஞ்சிலி மரம் போதும் என்றார். ஆணி கிடையாது, பசை கிடையாது. காலில் துளை, கட்டையின் நுனியில் நாக்கு. நாக்கை அவர் குடுமா என்பார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "அண்ணாச்சி, அழிக்கான் பற்றுன்னது வேணோ, பற்றாத்தது வேணோ?"

அழிப்பது என்றால் அவர்கள் பேச்சில் கழற்றுவது, அவிழ்ப்பது. இங்கே வந்து பத்து வருஷமாகியிருந்தது, அர்த்தம் தெரியும். ஆனாலும் என் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. அழிக்கக்கூடியது வேண்டுமா என்று ஒருவர் என் வீட்டில் நின்று கேட்கிறார்.

ஆசாரி விளக்கினார். கழற்றுகிற மாதிரி என்றால் நாக்கு காலைத் துளைத்து அந்தப் பக்கம் வரும், அதில் ஒரு மரமுளை அடிப்பார். முளையைத் தட்டி எடுத்தால் கட்டைகள் தனித்தனியாக வந்துவிடும். இன்னொன்று வேறு. துளை காலின் பாதியோடு நின்றுவிடும். உள்ளே போகப்போகத் துளை கொஞ்சம் அகலும், வெளியே தெரியாது. நாக்கின் நுனியில் இரண்டு கீறல் போட்டு, ஒவ்வொன்றிலும் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகிவைப்பார். நாக்கைத் துளைக்குள் அடிக்கும்போது ஆப்பு துளையின் அடியில் முட்டும். முட்டி, நாக்குக்குள்ளேயே ஏறும். நாக்கு உள்ளே விரிந்துகொள்ளும். அடித்தது அடித்ததுதான், திரும்ப வராது. "புறத்து ஒண்ணும் காணில்ல. கள்ள ஆப்பு" என்று சிரித்தார்.

"வாடகை வீடாக்கும். நாளைக்கு ஒழிஞ்சு குடுன்னு சொன்னா? கழட்டுற மாதிரியே போடுங்க" என்றார் உன் அப்பா.

"வேண்டாம். கழட்டுற சாமானெல்லாம் ஆடும்" என்றேன் நான்.

என் கல்யாணக் கட்டில் என் பிறந்த ஊரான சித்தூரிலிருந்து பிரித்துக் கட்டி வந்தது. இங்கே பூட்டிய பிறகு அது ஒரு நாளும் ஆடாமல் நின்றதில்லை. நான்கு காலுக்கும் மாறி மாறி அட்டை மடித்து வைத்தேன். இந்த ஊரில் எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது, அட்டை மடித்து வைத்தது. என் பட்டத்துக்கு இங்கே பள்ளிக்கூடம் இல்லை. என் பேச்சைக் கடைக்காரன் இரண்டாம் முறை கேட்பான். ஒரு பொருளாவது நட்டதுபோல நிற்கட்டும் என்று நினைத்தேன். இதையெல்லாம் ஆசாரி முன்னால் சொல்லவில்லை. ஆடும் என்று மட்டும் சொன்னேன்.

"சரி, கள்ள ஆப்பே வையுங்க ஆசாரியே. இந்த வீட்டுல இதுக்கு மேல கோர்ட்டு இல்ல" என்றார்.

இது முதல் தப்பு. இது யாருடையது என்று நீ கேட்டதே இல்லை.

இரண்டாவது, உயரம். பலகை கண்முன்னால் கிடந்ததால் நீளத்தையும் அகலத்தையும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உயரம் மட்டும்தான் வாயால் சொல்ல வேண்டிய அளவு. திங்கட்கிழமை காலையில் சாயா குடித்துக்கொண்டே உன் அப்பா சொன்னார். "ஆசாரி வந்தா உயரம் முப்பது இஞ்சுன்னு சொல்லிடு. கீழ்க்கட்டை தாழ இருக்கட்டும், பையன் கால் வச்சுக்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு ஆசாரி வந்தார். "உயரம் எத்ர, அக்கா?" என்றார். "முப்பது அங்குலம்" என்றேன்.

இஞ்சு என்பது எனக்குச் சொல்லாகவே தெரியவில்லை. கோடவுன் சொல், சாக்குச் சொல். அங்குலம் என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்வோமே என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "அங்குலம் தன்னெயல்லே?" "ஆமா. அங்குலம்." மலையாளி ஒருவர் என் சொல்லைத் திருப்பிக் கேட்காமல், அப்படியே தன் வாயில் வாங்கி உறுதிசெய்துகொண்டது அன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். இருந்தது.

அவருடைய அங்குலம் முழக்கோல் அங்குலம். இருபத்துநான்கு சேர்ந்தால் ஒரு கோல். ஒவ்வொன்றும் இஞ்சைவிடக் கொஞ்சம் அகலம். ஒன்றில் வித்தியாசம் தெரியாது. முப்பதில் ஐந்தரை இஞ்சு. ஒரே சொல், இரண்டு மொழியிலும் இருக்கிறது. வேறு சொல்லாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் விளங்கவில்லை என்று கேட்டிருப்போம்.

இரண்டு வாரம் அவர் கீழே முற்றத்தில் வேலை செய்தார். கால்களின் நுனியில் துளைக்கு மேலே ஒரு சாண் மரம் மிச்சம் விட்டிருந்தார். உளி இறங்கும்போது நுனி பிளக்காமல் இருக்க அப்படி விடுவார்களாம், கடைசியில்தான் அறுப்பார்கள். அதனால் உயரம் யார் கண்ணிலும் படவில்லை. பதினாறு துளை. ஒவ்வொன்றையும் நெல் கனம் கூடக் குறையாமல் எடுத்தார். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஒரு மனிதர் ஒரு குழியை இவ்வளவு நேரம் குனிந்து பார்ப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூட்டுகிற நாள் வியாழக்கிழமை. மிச்ச மரத்தை அறுத்துவிட்டுக் கால்களையும் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் படியில் தூக்கிவந்து இந்த அறையில் வைத்தார். நாக்குகளைத் துளையில் கைப்பிடியாகச் செருகிச் சட்டத்தை நிறுத்தினார், ஆப்பு ஏறாமல், சும்மா. அடிப்பதற்கு முன் மூலை பார்க்கத்தான். அப்போது பெருக்குவதற்காக நாற்காலியை நகர்த்தினேன். அது சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் மேசை எங்கே வரும் என்று பார்த்தேன். உன் உயரத்தை நினைத்தேன். அந்தத் திங்கட்கிழமை காலையில் சொல்லப்பட்ட சொல் எது, நான் சொன்ன சொல் எது என்று அந்த இடத்திலேயே, துடைப்பத்தோடு, எனக்கு விளங்கிவிட்டது.

ஆசாரி கொட்டாப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அடிக்கட்டே, அக்கா? அடிச்சால் பின்னே இல்ல."

இந்த இடத்தை நான் பல வருஷமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை போதும். நில்லுங்கள். அவர் பிரித்திருப்பார், காலை மேலே அறுத்துப் புதுத்துளை எடுத்திருப்பார், முனகியிருப்பார், ஒரு வாரம் கூடுதலாக ஆகியிருக்கும். ஆனால் நில்லுங்கள் என்று சொன்னால் அடுத்து ஏன் என்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு தாண்டாத உன் அப்பா சொன்ன சொல் சரி, பி.ஏ. தமிழ் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.

"அடிங்க" என்றேன்.

பதினாறும் உள்ளே போயிற்று. ஒவ்வொன்றும் கடைசி அடியில் சத்தம் மாறும். உள்ளே ஆப்பு ஏறிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்றார். பிறகு பலகையை மேலே வைத்து முளையடித்தார்.

மாலையில் உன் அப்பா வந்தார். விரலில் மை, தலையில் சுக்குத் தூசி. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பலகை அவர் நெஞ்சில் இடித்தது. "என்ன ஆசாரியே, இது எழுதற மேசையா, மீன் வெட்டற மேசையா?" ஆசாரி முழக்கோலை நிறுத்திக் காட்டினார். "முப்பது. பறஞ்ஞது முப்பது அங்குலம். ஒரு தோரெ கூட கூடுதல் இல்ல." தோரெ என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. உன் அப்பா பையிலிருந்து டேப்பை எடுத்தார். முப்பத்தைந்தரை. இரண்டு பேரும் இரண்டு அளவுகோலையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் கீழ்க்கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் அங்குலம்னு சொல்லி அனுப்பிச்சேன்" என்றார். "நாக்கு குளறிப்போச்சு."

நீ நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மேசை விளிம்பில் தாடையை வைத்துச் சிரித்தாய். "அப்பாவுக்கு அளக்கத் தெரியல." நானும் சிரித்தேன். இதைப் படிக்கிற பெண்ணே, இதையும் அவனுக்குக் கேட்கும்படி படி. நானும் சிரித்தேன்.

காலை வெட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஐந்தரை இஞ்சு கீழே வெட்டினால் கீழ்க்கட்டை சேர்கிற துளையோடு போய்விடும். உன் கால் வைக்க என்று தாழ்த்தி வைத்த கட்டை. அதற்குப் பிறகு சட்டம் நிற்காது. மேலே வெட்டினால் மேல்கட்டைகள். இரண்டும் இல்லாமல் விட்டோம். நீ நாற்காலியை விட்டுவிட்டுக் கீழ்க்கட்டையில் ஏறி நின்று எழுத ஆரம்பித்தாய். ஏழாம் வகுப்பு வரை அப்படித்தான். அந்தக் கட்டையின் நடுவில் இன்னமும் குழிவாக இருக்கிறது. கோடவுனில் விஷயம் பரவிவிட்டது. உன் அப்பாவை அங்குலம் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "அங்குலம் அண்ணாச்சி, இந்தச் சாக்குல எழுத்து கோல் கணக்கா, இஞ்சு கணக்கா?" அவர் தகரத்தைக் காட்டி, "உன் தலைக்கு எது சேருதோ அது" என்பார். வீட்டுக்கு வந்து அந்தக் கேலியை எங்களிடமும் சொல்லிச் சிரிப்பார். கடைசி வரை அந்தப் பெயரோடுதான் வேலை செய்தார். இஞ்சில் பிழைப்பு நடத்திய ஒரு மனிதர்.

ஒவ்வொரு வருஷமும் நான் சொல்ல நினைத்தேன். முதல் வருஷம் சின்ன விஷயம், எதற்கு என்று விட்டேன். மூன்றாம் வருஷம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று விட்டேன். பிறகு அது கதையாகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் நீ சொல்வாய், எங்கப்பா அளவு சொன்ன மேசை என்று. கதையை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

பிறகு நீ ப்ரீ டிகிரி முடித்த அந்த மே மாதம். உன் சிநேகிதன் பாஸ்கரனோடு கோயம்புத்தூர் போய் பம்பு செட்டுக் கம்பெனியில் சேர்கிறேன் என்றாய். உன் அப்பா மேசையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நம் வீட்டில் எல்லாரும் அந்த மேசையில் நின்றுதான் பேசினோம், உட்கார முடியாததால். "ரெண்டு வருஷம் எர்ணாகுளத்துல டிராயிங் படி. கை நல்லாயிருக்கு உனக்கு. அப்புறம் எங்க வேணா போ" என்றார். குரல் உயர்த்தவில்லை. நீ பலகையில் கையால் தட்டினாய். "ஒரு மேசைக்கு அளவு சொல்லத் தெரியாதவங்க, என் வாழ்க்கைக்கு அளவு சொல்ல வேண்டாம்."

நான் வாசலில் இரண்டு கிளாஸ் சாயாவோடு நின்றிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை. கிளாஸை மேசையில் வைத்தேன். "ஆறிடப் போகுது" என்றேன். அதுதான் நான் அன்று பேசியது.

அடுத்த வாரம் நீ போனாய். படகு ஜெட்டி வரை நான் வந்தேன், அவர் வரவில்லை. கோபம் என்று நீ நினைத்தாய். அவர் அதற்குப் பிறகு யாருக்கும் எதற்கும் யோசனை சொல்லவில்லை. சந்தையில் மீன் நல்லதா என்று கேட்டால்கூட, "நீயே பார்த்துக்க" என்பார். மூச்சிரைப்பு வந்தது, தூசி என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். நான் டிரங்கால் போட்டேன், நீ கிடைக்கவில்லை. தந்தி கொடுத்தேன். நீ மறுநாள் பகல் வந்தாய், எல்லாம் முடிந்திருந்தது. நீ அழுதாய். நான் பார்த்தேன். அந்த அழுகையிலும் உன் சொல் உனக்கு நினைவு வந்திருக்கும். அது நியாயமான சொல் இல்லை என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ தாங்குவாயா என்று யோசித்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் தாங்குவேனா என்றுதான் யோசித்தேன்.

நேற்று ஆசாரி வந்தார். வயசாகிவிட்டது, படியில் இரண்டு முறை நின்றார். உன் கடிதத்தில் இருப்பதைச் சொன்னேன். சட்டத்தைச் சுற்றிவந்தார், குனிந்து ஒவ்வொரு மூட்டாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றிலும் மயிரிழை இடைவெளி விடவில்லை. "அழிக்கான் பற்றில்ல, அக்கா. வெட்டிப் பொளிக்கணும். பின்னே அது விறகு" என்றார். நான் சரி என்றேன். அவர் போகவில்லை. பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அன்னு எந்து அங்குலமாணு அக்கா பறஞ்ஞது?" என்றார்.

அன்று நான் சொன்னது எந்த அங்குலம் என்று கேட்கிறார். நான் உன் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனிக்கு அன்னே அறியாம்" என்றார். அன்றே தெரியும். பூட்டிய நாளுக்கு மறுநாள் காலை உன் அப்பா அவர் பட்டறைக்குப் போயிருக்கிறார். யார் கேட்டாலும் அங்குலம் என்று சொல்லி அனுப்பியது அண்ணாச்சிதான் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எதற்கு அண்ணாச்சி இது, ஒரு மேசைதானே, வீட்டுக்காரியிடம் கேட்டால் தீர்ந்தது என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்கு உன் அப்பா சொன்னதை ஆசாரி எனக்குத் தமிழிலேயே சொன்னார், அவர் சொன்ன மாதிரியே. "அவளுக்கு ஆக மொத்தம் இருக்கறது அந்தப் படிப்பு ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா இந்த ஊர்ல அவளுக்கு என்ன இருக்கு."

இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்பு என்று எடுத்துக்கொள்ளலாம். நேற்றிலிருந்து முயற்சி செய்கிறேன். ஆனால் அவர் என்னை எவ்வளவு சிறிதாக அளந்து வைத்திருந்தார் என்பதும் அதில் இருக்கிறது. அந்த அளவு சரி என்பதும் இருக்கிறது. அவர் என்னிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. நானும் ஒரு தடவையும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று சாயா குடித்தோம்.

நீ இதை நம்பமாட்டாய் என்று நினைக்கிறேன். செத்தவரைக் காப்பாற்ற அம்மா கதை கட்டுகிறாள் என்று நினைப்பாய். உன் இடத்தில் நானும் அப்படித்தான் நினைப்பேன். சாட்சி இல்லை. ஆசாரியை நீ வந்து கேட்டால் அண்ணாச்சிதான் சொன்னார் என்பார். கேட்டேன் அவரிடம். "வாக்கு கொடுத்துப் போயி", கொடுத்துவிட்டேனே என்று கையை விரித்தார். என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. உன் அப்பா வாயிலிருந்து அங்குலம் என்ற சொல்லை, அந்த ஒரு மாலையையும் கோடவுன் கேலியையும் தவிர, நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? உனக்குச் சட்டை தைக்க, கொடிக் கம்பி கட்ட, மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல, எதற்காவது? இஞ்சு. எப்போதும் இஞ்சு. அந்தச் சொல் இந்த வீட்டில் ஒரு ஆளிடம்தான் இருந்தது. யோசித்துப் பார். இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

கல்யாணமான மகனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த உரிமை எவ்வளவு என்று இப்போது உனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு. உன் வீட்டில் இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லும்போது, எந்த அளவு என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள், முட்டாள்தனமாகத் தெரிந்தாலும். அப்புறம், உன் தப்பை வேறொருவர் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் அன்று சாயங்காலத்துக்குள் இறக்கிவை. மறுநாள் அவர் போய் அதற்குச் சாட்சி ஏற்பாடு பண்ணி வைத்துவிட்டு வருவார். பிறகு இறக்க முடியாது. இவற்றால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு யாராவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

நான் கோயம்புத்தூர் வரவில்லை. அந்த 'உம்' காரணம் இல்லை. அதை விட்டுவிடு. சித்தூரில் உன் மாமா பின்கட்டில் ஒரு அறை ஒழித்துக் கொடுக்கிறேன் என்கிறார். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். மேல்மாடியையும் சேர்த்துக் கோடவுனாக்கப் போகிறார்கள். சட்டத்தை நான் வெட்டச் சொல்லவில்லை. அதன் மேல் சாக்கு அடுக்கிக்கொள்வார்கள்.

படித்த பெண்ணே, தண்ணீர் குடி. அவன் எதுவும் பேசாவிட்டால் பேசவைக்காதே.

சனிக்கிழமை சேர்த்து எழுதுவது. காலையில் ஆசாரி ஒரு ஆளோடு வந்து மேல்பலகையை மட்டும் கழற்றினார். அதற்கு முளைதான், தட்டியதும் வந்துவிட்டது. சாக்கு சுற்றி ஜன்னல் வழியாக இறக்கி, உன் பேருக்கு லாரி ஆபீசில் போட்டுவிட்டேன். பலகையின் அடிப்பக்கம் உன் அப்பா மையால் உன் பெயரை அடித்திருக்கிறார். எனக்குத் தெரியாது, இன்றுதான் பார்த்தேன். இரண்டு இஞ்சு எழுத்து. உன் வீட்டு உயரத்துக்குக் கீழே கால் செய்துகொள். மற்ற சாமானெல்லாம் முன்பே போய்விட்டதால் பல்பைக் கழற்ற ஏறி நிற்க எதுவும் இல்லை. கீழ்க்கட்டையில் ஒரு கால் வைத்து, சட்டத்தின் மேல் ஏறி நின்றேன். ஆடவில்லை. பல்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கீழே கொடுத்தேன்.